கூட்டம் இல்லாத டொக்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தேடிக்கொண்டு வரக்கூடாது.

யாழ்ப்பாண ரவுணில், நகரத்தின் நடுவே ஒரு விடுதி மண்டபத்தில் விசேட வைத்திய நிபுணர்களுக்கான பயிலரங்கு நடந்தது. சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர்கள் அதை எப்படி நிர்வகிப்பது, வேலையாட்களை எப்படித் தெரிவுசெய்வது, நோயாளிகளின் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். அந்தப் படங்களுக்குத் தமிழ் எழுதிக்கொடுத்தவன் நான். எழுதுகிறவனுக்கு இங்கே சோறு போடுவது இப்படியான வேலைகள்தான்.

நோயாளிகளைக் காக்க வைக்காதீர்கள் என்று அவர் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"காக்க வைக்காட்டில் சனம் வருகுதில்லையே. அதுக்கு என்ன செய்யிறது?"

மண்டபமே சிரித்தது. பயிற்சி கொடுத்தவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். கேட்டவர் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. பதில் வரும் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

அவருக்குப் பிரகலாதன் என்று பெயர் வைக்கிறேன். கண் டொக்டர். (முதலில் இருதய நிபுணராகத்தான் வைத்திருந்தேன். இருதயம் என்றால் ஆள் செத்துப்போகும், கதையும் அங்கேயே முடிந்துவிடும். கண் போனால் ஆள் உயிரோடு திரும்பி வந்து எதிரில் உட்காருவார். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.)

தொடக்கம் ஒன்று: "நெல்லியடிச் சந்தியில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால், புதிதாக வெள்ளையடித்த அந்த மாடிக் கட்டடம்" — கட்டடத்தை வருணித்து யாருக்கு என்ன பயன்? விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "இங்கிலாந்தில் பல வருடங்கள் பணியாற்றிய டொக்டர் பிரகலாதன், தன் மண்ணுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற" — இதை எந்த விழா மலரிலும் வாசிக்கலாம். வெட்டு.

தொடக்கம் மூன்று: மண்டபம் வெறுமையாக இருந்தது.

இது நிற்கட்டும்.

3

மண்டபம் வெறுமையாக இருந்தது. கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் மண்டபம். காரணம், பிரகலாதன் இங்கிலாந்தில் பழகிய முறையை அப்படியே இங்கேயும் கொண்டுவந்ததுதான். தொலைபேசியில் நேரம் கொடுப்பார். கொடுத்த நேரத்துக்குப் பார்ப்பார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் பெயர் கூப்பிடப்படும். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

சனத்துக்கு அது பிடிபடவில்லை. ஓட்டோவில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்ப்பார்கள். கதிரைகள் சும்மா கிடக்கும். வந்த ஓட்டோவிலேயே திரும்பி ஏறிவிடுவார்கள். ஒருநாள் ஓட்டோக்காரர் ஒருவர் வாசலில் நின்று ஒரு வயதானவருக்குப் புத்தி சொல்வது உள்ளே கேட்டது.

"உவர் உங்கை ஈ கலைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறார். கைராசிக்காரன் எண்டால் சனம் விடுமே? பேசாமல் ரவுணுக்குப் போவம் ஐயா. அங்கை விடியவே போய் நம்பர் எடுக்கோணும்."

பிரகலாதனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இப்படியே போனால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு இங்கிலாந்துக்கே திரும்பவேண்டியதுதான். புறப்படும்போது அங்கே கூட வேலை செய்தவர்களிடம் நிறைய வீரம் பேசிவிட்டு வந்தவர். அந்த முகங்களுக்கு முன்னால் மறுபடி போய் நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

4

இங்கே தக்சாயினி வருகிறாள். பிரகலாதனின் மனைவியுடைய தங்கை. முகாமைத்துவம் படித்துக் கொழும்பில் வேலை பார்த்தவள். கிளினிக்கை நிர்வகிக்க அக்காதான் கூப்பிட்டு எடுத்தாள்.

(இவள்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் இவளுக்கு உதட்டுச் சாயம் பூசி, சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் பேசவைத்து, நடந்த எல்லாவற்றையும் இவள் தலையில் கட்டிவிட்டிருந்தேன். திருப்பி வாசித்தால் பச்சைப் பொய். அவள் கெட்டிக்காரி, அத்தானில் பாசமுள்ளவள். கிளினிக் பிழைக்கவேண்டும் என்று அவரைவிட அவள்தான் கூட ஆசைப்பட்டாள். இப்படி ஒருத்தி கதைக்குள் இருப்பது எனக்கு வசதியில்லை. ஆனாலும் அவள் அப்படித்தான்.)

"அத்தான், எங்கடை சனம் கூட்டத்தைப் பாத்துத்தான் டொக்டரை நம்புது. வாறாக்களைக் கொஞ்சம் இருத்தி வைப்பம்."

"வருத்தக்காரரைச் சும்மா இருத்தி வைக்கிறதோ?"

"சும்மா இல்லை. கதிரையள் நிரம்புமட்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தைக் குடுப்பம். நீங்கள் உள்ளுக்கை இருங்கோ. நான் ஃபோனிலை சொல்லேக்கை மணியை அடியுங்கோ."

"அது பொய்யெல்லோ, பிள்ளை?"

"நாங்கள் ஒருத்தருக்கும் ஒரு பொய்யும் சொல்லேல்லையே, அத்தான்."

அவர் ஓம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மணி பிந்தி அடித்தது.

5

பலித்தது. அதை மறைக்க முடியாது. வீதியால் போகிறவர்கள் கண்ணாடிக்குள்ளே நிறைந்த கதிரைகளைக் கண்டார்கள். உடுப்பிட்டியிலிருந்து வந்தார்கள், பருத்தித்துறையிலிருந்து வந்தார்கள், பிறகு காங்கேசன்துறையிலிருந்துகூட வான் பிடித்து வந்தார்கள். ரவுணுக்குப் போகச் சொன்ன அதே ஓட்டோக்காரர் ஆட்களை ஏற்றிவந்து இறக்கினார்.

உண்மையான கூட்டம் சேர்ந்த பிறகு முறையை விட்டிருக்கலாம். விடவில்லை. காலையில் முதல் வருகிற நாலைந்து பேரை வைத்துத்தானே பின்னால் வருகிறவர்கள் நிற்பதா போவதா என்று முடிவெடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் பிரகலாதன் உள்ளே இருந்து பிளேன்ரீ குடித்தபடி ஃபோனில் கிரிக்கெட் பார்ப்பார். மேசையில் ஒரு சின்னத் திரை. மண்டபத்தில் பொருத்திய கமரா அதில் தெரியும். கதிரைகள் ஒவ்வொன்றாக நிரம்புவதைப் பார்க்க அவருக்குச் சந்தோசமாக இருந்தது. (இந்த வசனத்தை மூன்று தரம் அழித்தேன். திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.)

6

இவ்வளவு நேரமும் தொடக்கங்களை எழுதி அழித்து, தக்சாயினிக்காக வாதாடி, உங்களை வெளியே இருத்தி வைத்திருந்தேன். தம் பெறுமதியைக் கூட்டிக்கொள்ளக் கதைகளும் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் நீங்கள் தனியே இருக்கவில்லை. நீங்கள் வாசிக்கத் தொடங்கியபோதே உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொல்லவில்லை.

அவர் பெயர் உதயகலா. நெல்லியடி பஸ் நிலையத்துக்கு அருகே சின்னதாக ஒரு பொட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். கணவர் வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போகிறவர். முதல்நாள் பின்னேரம் இடது கண்ணில் நோவு தொடங்கியது. விளக்கைப் பார்த்தால் சுற்றிவர நிறம் நிறமாக வளையம் தெரிந்தது. தலையிடிக் குளிசை போட்டார், சாப்பிட்டதைச் சத்தியெடுத்தார், விடியுமட்டும் பொறுத்தார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோதனைத் தாள் கொப்பியெடுக்க வருவார்கள் என்று கடையைத் திறந்து, அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

"அக்கா, என்ன செய்யுது?" என்று தக்சாயினி கேட்டாள்.

"தலையிடி, பிள்ளை. கண்ணும் சரியா நோகுது."

"கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, டொக்டரிட்டைக் கேக்கிறன்."

"இல்லையம்மா, எல்லாரும் இருக்கினம்தானே. நானும் இருக்கிறன்."

தக்சாயினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. கதிரைகள் இன்னும் நிரம்பவில்லை.

திரையில் பிரகலாதன் அவரைக் கண்டார். துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்த ஒரு பெண். நித்திரையாக்கும் என்று நினைத்தார். பிறகு யாரோ ஒரு சிக்ஸர் அடித்தார்கள், அவர் ஃபோனுக்குத் திரும்பினார்.

(பிரகலாதன் உதயகலாவைக் காணவில்லை என்றும் எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதனால்தான் மாற்றினேன்.)

கதிரைகள் நிரம்பி, மணி அடித்து, உதயகலா உள்ளே வந்தபோது இடது கருவிழி அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியிருந்தது. கண்ணுக்குள் அமுக்கம் ஏறி அது கல்லுப்போல இறுகிவிட்டது. பிரகலாதன் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். மருந்து விட்டார், ஊசி போட்டார், லேசர் பிடித்தார், சத்திரசிகிச்சையும் செய்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் நிழல் அசைவது தெரியும். அவ்வளவுதான் மிஞ்சியது.

இதில் ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் பிரகலாதனுக்கு அநியாயம் செய்தவனாவேன். இரவு முழுக்க அந்த அமுக்கத்தைத் தாங்கிய கண் அது. வாசலுக்கு வரும்போதே பார்வை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எந்தப் பரிசோதனையாலும் இனி அதைச் சொல்ல முடியாது.

7

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பிரகலாதன் உதயகலாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறார். அவர் அழுது, பிறகு மன்னிக்கிறார். மன்னிக்கும் பெண்களை எழுதுவது எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே வேண்டாம்.

பிரகலாதன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு விமான நிலையத்தில் கண்ணாடி வழியே — வெட்டு. அவர் போகமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

தக்சாயினி அழுதாள். இது முடிவல்ல, நடந்தது.

"அத்தான், இனி வேண்டாம். வாற வாறாக்களைக் கூப்பிடுவம்."

"இப்ப திடீரெண்டு நிப்பாட்டினால் ஏன் எண்டு கேப்பினம்."

"ஆர் கேக்கிறது?"

இவ்வளவு காலமும் அவள் சொல்லத்தான் அவர் மணியடித்தார். அன்றிலிருந்து, எப்போது அடிப்பது என்பதை அவரே பார்த்துக்கொண்டார். அவரை நான் வெறுத்தது இந்த இடத்தில்தான். எழுதிக்கொண்டே வெறுத்தேன்.

8

உதயகலா கண்ணைக் காட்ட மறுபடியும் வந்தார். தனியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையும் கூட்டிவந்து அறைக்குள்ளேயே இருத்தினார்.

"இவவுக்கும் கண்ணிலை பூ விழுந்திருக்கு, டொக்டர். நான்தான் சொன்னனான், வேறை எங்கையும் போகாதை, அவ்வளவு சனத்துக்குள்ளையும் என்னைச் சொந்தத் தங்கச்சி மாதிரிப் பாத்தவர் எண்டு."

பிரகலாதன் உதயகலாவின் வலது கண்ணை, நல்ல கண்ணை, வெளிச்சம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண் அவரையே பார்த்தது.

"டொக்டர், ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ."

"அண்டைக்கு நான் கடையைத் திறக்காமல் நேரை வந்திருந்தால் கண் தப்பியிருக்குமோ? மனுசன் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லித்தான் பேசுறார். காசுக்கு ஆசைப்பட்டுக் கண்ணைக் குடுத்தனீ எண்டு. எனக்கும் அப்பிடித்தான் படுது. நான்தானே பிந்தி வந்தனான்?"

பிரகலாதன் வெளிச்சத்தை அணைத்தார்.

ஓம் என்று சொன்னால் அது பொய்யில்லை. வைத்தியப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லலாம். உதயகலா வீட்டுக்குப் போய், கணவர் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு, மிச்சக் காலத்தை ஒற்றைக் கண்ணோடு தன்னையே நொந்தபடி கழிப்பார். இல்லை என்று சொன்னால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்த முடியாது. அவர் ஏன் என்று கேட்பார். கதவுக்கு வெளியே மண்டபம் நிறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.

நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. எனக்குத் துணிவில்லை. பதிலை நீங்களே அவர் வாயில் வையுங்கள். பார்த்து வையுங்கள். எதைச் சொன்னாலும் உதயகலா நம்புவார். அவ்வளவு கூட்டம் வருகிற டொக்டர் சொல்வது.