குழி வெட்டியவர்களுக்கு டீ

இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தரையும் சுரேந்திரனுக்குத் தெரியாது. செத்தது அவன் மாமனார் பெரியதம்பி. வழக்கமாகக் குழி வெட்டுகிற பசங்க ஹேவ்லாக் தீவுக்கு ரிசார்ட் வேலைக்குப் போய், கடல் சரியில்லாமல் போட் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். யாரைப் பிடிப்பது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு பிக்கப் வண்டியில் இந்தக் கூட்டம் வந்து இறங்கியது. பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ் எல்லாம் கலந்து. "பெரியதம்பி பாயோட ஆளுங்க" என்று, அண்ணன் என்பதை இந்தியில் சொன்னதோடு சரி. மண்வெட்டி எங்கே என்று கேட்டு வாங்கி, பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

சின்ன மாமனார் சந்திரமோகன் விலாவில் இடித்தார். "என்ன மாப்ள, மரம் மாதிரி நிக்கிற? எடு அத."

பைக்குள் துண்டில் சுற்றி ரம் பாட்டில் இருந்தது. சிலோன் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் காட்டுக்கும், அங்கிருந்து போர்ட் பிளேருக்கும் இவர்களோடு கப்பலேறி வந்த வழக்கம் அது. குழி வெட்டுகிறவர்களுக்கு மருமகன் கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பானுதான் பாட்டிலைப் பையில் வைத்தாள். அப்பனுக்கு அழுது வீங்கிய கண்ணால் புருஷனை ஏறிட்டுப் பார்த்து, "ஊத்திக் குடுத்துட்டு வாங்க. ஒங்க வாயில ஊத்திக்காம வாங்க, போதும்" என்றாள்.

சுரேந்திரன் டம்ளரில் ஊற்றி நீட்டினான். வாசம் மூக்கில் ஏறியது. எச்சிலை விழுங்கினான்.

பிஸ்வாஸ் என்ற பெங்காலி, ஆள் மலை மாதிரி இருந்தார், மண் கையோடு கும்பிட்டார். "நஹி பாய்."

அடுத்தவரும் வேண்டாம் என்றார். அதற்கடுத்தவரும்.

சந்திரமோகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏங்க, எங்கண்ணனுக்குக் குழி வெட்ட வந்துட்டு எங்க கையால வாங்க மாட்டீங்களா? அவ்வளவு பெரிய எடத்து ஆளுங்களா?"

குழிக்குள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது.

"சாச்சா, கோபம் வேணாம்" என்றார் பிஸ்வாஸ். "ஒரு கிளாஸ் உள்ள போனா நான் இந்தக் குழியிலயே படுத்துருவேன். அப்புறம் பெரியதம்பி பாய் எங்க போவாரு?"

"நான் குடிச்சா ரெண்டு குழி வெட்டணும்" என்றார் ஜெகநாதன். ஏதோ ஆபீஸ் அதிகாரியாம், கண்ணாடியெல்லாம் சேறு. "ரெண்டாவத எம் பொண்டாட்டியே வெட்டிருவா."

சாவுக்காட்டில் இப்படி ஒரு சிரிப்பை சுரேந்திரன் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கும் முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. இவர்கள் மாமனார் போய்வந்த மீட்டிங் ஆட்கள்.

ஒரு காலத்தில் பெரியதம்பி குடிக்காத நாள் கிடையாது. ஞாயிறு தவறாமல் டாலிகஞ்சில் குடியை விடுகிறவர்களின் மீட்டிங் ஒன்றுக்குப் போக ஆரம்பித்து, அடியோடு விட்டார். "வர்றியா மாப்ள?" என்று கேட்கும்போதெல்லாம் இவன் ரோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாதம் அடித்து அவருக்குப் பேச்சு போன பிறகுதான் இவனுக்குப் புத்தி வந்தது. யாருக்கும் சொல்லாமல் டாலிகஞ்சுக்குத் தேடிப் போனான். ஒரு கடைக்காரன் "என்ன வேணும்?" என்றான். குடிகாரங்க மீட்டிங் எங்கே என்று கேட்க நாக்கு வரவில்லை. ஒரு சோப்பு வாங்கினான். அடுத்த கடையிலும் ஒரு சோப்பு. அதற்கடுத்த கடையிலும். மிச்சக் காசுக்குக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான். வழி சொல்லியிருக்கக்கூடிய ஒரே வாய் இதோ மண்ணுக்குள் போகப் போகிறது.

"அப்ப இத என்ன செய்ய?" சந்திரமோகன் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். "குழி காயக் கூடாது. மண்ணுக்காவது ஊத்திடுறேன்."

"நஹி! நஹி!" அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பிஸ்வாஸ் இரண்டு கையையும் விரித்துக் குழியை மறைத்தார். "இத்தன வருஷம் தொடாம இருந்த மனுஷன், சாச்சா! கடைசி நேரத்துல அவர கெடுக்காதீங்க!"

சந்திரமோகனே சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு அண்ணனை நினைத்து அழுதார்.

சுரேந்திரன் தொண்டையைச் செருமினான். சின்ன மாமனார் பக்கத்திலேயே நின்றார். நாளைக்குச் சொந்தம் பூராவும் பேசும். பேசட்டும்.

"அண்ணே, அந்த மீட்டிங் டாலிகஞ்சுல எங்க நடக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. மண்வெட்டிகள் நின்றன.

"ரேஷன் கடைக்குப் பின்னால பால்வாடி இருக்குல்ல, அதுல" என்றார் ஜெகநாதன். "பிள்ளைங்க நாற்காலிதான். முழங்கால் மோவாயில இடிக்க உக்காந்திருப்போம்."

"செவுத்துல பச்சக்கிளி போட்டிருக்குமே, அதா?"

"அதேதான்."

அந்தக் கிளியை அவன் அன்றைக்கு எத்தனை தடவை தாண்டிப் போனான்! "அடப்பாவி" என்றான், தன்னைத்தானே.

"இன்னைக்கே ஞாயிறுதான்" என்றார் பிஸ்வாஸ். "முதல்ல பாயை நல்லபடியா அனுப்புவோம். சாயங்காலம் நம்ம வண்டியிலயே வா. இப்ப சாய் மிலேகா க்யா, ஒரு டீ? தொண்டை காயுது."

சுரேந்திரன் வீட்டுக்கு ஓடினான். ஒப்பாரிக்கு நடுவிலிருந்து பானு எழுந்து வந்தாள்.

"டீ போடு. குழி வெட்டுனவங்களுக்கு."

"டீயா?"

அவள் பக்கத்தில் வந்து, பழக்கமாக, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். விலகாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போனாள். சர்க்கரை டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது குழி தயாராகியிருந்தது. எல்லோரும் ஈர மண்மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் கையால் ஊற்ற ஆரம்பித்தான். காலையிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே போகாததால் கை ஆடியது. பிஸ்வாஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு டம்ளரை நீட்டினார். கெட்டில் மூக்கு போன பக்கமெல்லாம் டம்ளரும் கூடவே போனது.