மூன்றலகுக் கத்தியின் சத்தம்

தேசிக்காயின் கடைசிச் சொட்டையும் கத்தியின் பொருத்துக்குள் பிழிந்துவிட்டு, மேலே உப்பைக் கிள்ளித் தூவினான் றாஸிக். அவசரத்தில் பாதி உப்பு பாதத்தில் கொட்டியது.

துருப்பிடிக்க வேண்டும். அசருக்கு முன்னால் துருப்பிடித்தே ஆக வேண்டும்.

கிணற்றடி மதிலோடு ஒட்டிக் குந்தியிருந்தான். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் முனாஸ் காக்கா நேரே இந்த வீட்டுக்குத்தான் வருகிறார். கல்முனை பஸாரில் கடற்தொழில் சாமான் விற்பவர். மூன்று அலகுள்ள இந்த மடக்குக் கத்தியை றாஸிக்குக்கு விற்றவரும் அவர்தான். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்கப்போவது இந்தக் கத்தியை.

ஒன்றரை மாதமாக றாஸிக் ஊருக்குச் சொல்லிவந்த கதை இதுதான்: அன்றைக்குக் கடலில் கத்தி இறுகிவிட்டது. நகம் பிய்ய இழுத்தும் அலகு வெளியே வரவில்லை. அதனால்தான் மச்சான் அஸ்பாக்கின் கால் போனது.

அந்தக் கதைக்கு இறுகிப்போன கத்தி ஒன்று வேண்டும். கையிலிருந்ததோ இறுகுவதாக இல்லை. பெரிய அலகின் நகக்குழியில் பெருவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். டக். நேற்று வாங்கியது மாதிரித் திறந்தது. அலகின் மேலே செம்மஞ்சளாகக் கொஞ்சம் பூத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே அலகை இறுக்கிப் பிடிக்கிற வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இஞ்சாருங்க," குசினிக்குள்ளிருந்து மனைவி ஹாஜறா கூப்பிட்டாள். வருகிற மனிசருக்குப் பானம் கரைக்க வைத்திருந்த தேசிக்காய் இரண்டையும் காணவில்லையாம். மீன் தூக்குகிற பூனையைக் கண்டிருக்கிறாளாம், தேசிக்காய் தூக்குகிற பூனையை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாளாம்.

றாஸிக் கத்தியைச் சாரன் மடிக்குள் செருகிக்கொண்டு, பிழிந்த தோல்களை மதிலுக்கு அப்பால் எறிந்தான். ஒன்றரை மாதமாக இந்த வீட்டில் அவன் எதற்கும் பதில் சொல்வது குறைவு.

இது அஸ்பாக் கட்டிய வீடு. அஸ்பாக், ஹாஜறாவின் தம்பி. அக்காவை அவன் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவான், இங்கே எல்லாரும் அப்படித்தான். தாத்தாவுக்கு வீடு கட்டி முடிக்காமல் தனக்குக் கலியாணம் இல்லை என்று இருந்தவன். வாப்பா இல்லாத குடும்பம். வேறு யார் கட்டுவது? எட்டு வருஷம் கடலில் கிடந்து, கல்லுக்கு மேல் கல் வைத்தான். அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாக வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவன் றாஸிக். போன வருஷம் கூரை வேலை முடிந்தது. ஜனவரியில் மருதமுனையில் அஸ்பாக்குக்குப் பெண் பேசினார்கள். மார்ச்சில் கால் போனது. பெண் வீட்டார் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. வந்து பார்க்கவும் இல்லை.

அன்று விடிந்தும் விடியாத நேரம். மச்சான்மார் இருவரும் ஃபைபர் தோணியில் போயிருந்தார்கள். றாஸிக்கின் சொந்த வலை முதன்முதலாகத் தண்ணீரைக் கண்ட நாள். அதுவரை அடுத்தவன் வலைக்குப் பங்காளியாகப் போய்வந்தவனுக்கு, ஹாஜறா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, வலை வந்தது. போகும்போது படலையடியில் நின்று, "இதையும் கடலுக்குக் குடுத்திட்டு வந்திராதீங்க" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு வலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில்லை. கடல் மூச்சுக்கூட விடாத மாதிரி இருந்தது. அடியில் மட்டும் நீரோட்டம் வலுவாக இழுத்தது. தோணிக்குள் சுருண்டு கிடந்த கயிற்றின் ஒரு வளையம் திடீரென்று எழும்பி அஸ்பாக்கின் வலது பாதத்தைக் கவ்வியது. விட்டிருந்த வலையின் பாரம் முழுவதும் அந்த ஒரு காலில் விழுந்தது. சரிந்தான். றாஸிக்கின் முழங்காலடியில் தலை கிடக்க, இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். பிடியை விட்டால் கடலுக்குள்தான். கயிற்றை வெட்டுங்க மச்சான் என்று சொன்னான். ஒரே ஒரு தரம். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டான்.

றாஸிக்கின் கை மடிக்குப் போனது.

அந்த இடம் வந்ததும் றாஸிக் எழுந்துவிடுவான். பீடியைத் தேடுவான், கிணற்றில் தண்ணீர் அள்ளுவான், என்னவாவது செய்வான். அதற்கு அப்பால் நினைத்துப் பார்க்க அவன் தன்னை விட்டதில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது. வெறுங்கையால் வலையைத் தோணிக்குள் இழுத்தது. முழம் முழமாக இழுத்தது. கயிறு ஒரு வழியாகத் தளர்ந்தபோது மச்சானின் பாதம் பாதமாக இல்லாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதன் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

ஏன் வெட்டவில்லை என்று வார்டு வாசலில் ஹாஜறா கேட்டாள். வாயில் வந்தது கத்தி. "கத்தி திறக்கல்ல."

இரண்டே சொல். பஸார் வரைக்கும் போயிற்று. முனாஸ் கடைக் கத்தியை ஆட்கள் கையால் தொடுவதில்லை என்றாயிற்று. நெல் மூட்டைச் சணல் வெட்ட அவரிடம் கத்தி வாங்கியிருந்த சவளக்கடை ஊர் வயற்காரர் இரண்டு பேர், மோட்டார் சைக்கிளில் வந்து மேசையில் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அஸ்பாக் மட்டும் அந்தக் கத்தியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பார்க்க வந்தவர்கள் கேட்டால், அல்லாஹ் நாடியது நடந்தது என்பான்.

முனாஸ் காக்கா சண்டைக்கு வந்திருந்தால் றாஸிக் சமாளித்திருப்பான். அவர் வேறு காரியத்துக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை உம்றாவுக்கு மக்கா பயணம். போகிறவர், தன்னால் யாருக்காவது நோவு வந்திருந்தால் வீடு தேடிப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். 'பொருந்திட்டன்' என்று அவர்கள் வாயால் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். நாலு நாளாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். இன்றைக்கு இந்த வீடு.

வெளியே படலை திறக்கும் சத்தம் கேட்டது. ஸலாம் சொல்லும் குரல்.

முனாஸ் காக்கா தொழுத தொப்பியோடு வந்திருந்தார். கக்கத்தில் ஒரு துணிச்சுருள். விறாந்தையில் அஸ்பாக் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. மூலையில் வலை குவிந்து கிடந்தது. அன்றைக்குப் பிறகு அது கடலுக்குப் போகவில்லை. கடைக்காரக் கை சும்மா இருக்குமா? முனாஸ் காக்கா குனிந்து வலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கண்கூட அறல்லயே. அல்ஹம்துலில்லாஹ், இதாவது முழுசா வந்து சேர்ந்திருக்கு."

றாஸிக் அவருக்குக் கதிரை எடுத்துப் போடும் சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உட்கார்ந்ததும் துணிச்சுருளை விரித்தார். மூன்று மடக்குக் கத்திகள். வெறும் வாயால் பொருத்தம் கேட்க மனம் வரவில்லை என்றார். அஸ்பாக் இனிமேல் கரையில் இருந்து வலை தைக்கிறவன். காலையிலிருந்து பொழுதுபடும்வரை கையில் கத்தி வேண்டும். ஆயுசுக்கும் உழைக்கிற ஒன்றை அவனே பார்த்து எடுக்கட்டும் என்றார்.

முதலாவது, சிவப்புப் பிடி. கத்தரிக்கோல், திருப்புளி, மூடி திறப்பான், பல்லுக்குச்சி என்று பன்னிரண்டு சாமான். அஸ்பாக் பல்லுக்குச்சியை உருவிப் பார்த்தான்.

"இது கலியாணச் சாப்பாட்டுக்குக் கொண்டு போறதா காக்கா?"

"அது அறுகம்பேக்கு வார வெள்ளக்காரனுக்கு. உள்ளுக்க மணல் ரெண்டு பொட்டுப் போனாப் போதும், பன்னிரண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிரும்."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்த விறாந்தையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. றாஸிக்குக்கு மட்டும் சிரிக்க வரவில்லை.

இரண்டாவது பாரமான கத்தி, இரண்டு அலகு. துருவே பிடிக்காத இரும்பு, ஆனால் கல்லில் தீட்டினால் கூர் ஏறாது என்றார் முனாஸ் காக்கா. அலகைப் பாதி திறந்து, இரு விரலால் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். ஆடியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முதுகு வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழையாக வெளிச்சம் தெரிந்தது. இன்றைக்கு வெளிச்சம் போகிற வழியால் நாளைக்கு உப்புத் தண்ணீர் போகும்.

மூன்றாவது, கொம்புப் பிடி போட்ட பழைய மாதிரிக் கத்தி. றாஸிக்கின் மடியில் இருந்ததன் கூடப்பிறந்தது. மூன்று அலகு. நீண்ட கூரானது மீனுக்கு. சின்னது நூலுக்கு. நடுவில் இருந்த நேர் அலகுக்கு முனையே இல்லை, மூக்கு மொட்டை. முனாஸ் காக்கா அதை மட்டும் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"காலில சுத்தின கயிறு வெட்டுறதெண்டா இதுதான். அவசரத்தில சதையில குத்தாது. இழுத்தா ஒரே இழுவைதான்."

அதைத் தேய்த்துத் துடைத்து மூடிவிட்டு, அஸ்பாக்கிடம் கண்ணை மூடச் சொன்னார். நல்ல கத்தி வாய் திறந்தால் ஒரு சத்தம், வாய் மூடினால் இன்னொரு சத்தம். திறக்கும்போது மெல்லியதாக விழும், மூடும்போது கனமாக விழும். வில்லு பழுதென்றால் இரண்டும் சளசளத்துப் போகும். கத்தி எடுக்கிறவன் கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார். மூன்றாவதற்கு அஸ்பாக் தலையை ஆட்டினான்.

"இனி அந்தப் பழசைத் தாங்க றாஸிக். என்ன பிழை எண்டு நான் பாக்க வேணும். மிச்சக் கத்தியும் கடையில கிடக்கு. அதுகளிலயும் பிழை எண்டா நான் ஆருக்கும் விக்க ஏலாது."

றாஸிக்கின் கை மடிக்குப் போனது.

ஈரமாக இருந்தது கத்தி. கொடுத்தான். முனாஸ் காக்கா வாங்கி, பார்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"துரு புதுசா இருக்கு. தேசிக்கா மணக்குது."

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த ஹாஜறா கதவடியில் நின்றுவிட்டாள். அவள் பார்வை கத்திக்குப் போய், புருஷனின் கைக்குப் போய், அங்கேயே நின்றது.

முனாஸ் காக்கா கத்தியைச் சாரன் ஓரத்தில் துடைத்து, மொட்டை மூக்கு அலகில் நகத்தை வைத்தார். டக். மெல்லியதாக விழுந்தது. மூடினார். டக். கனமாக விழுந்தது.

அவர் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு துணியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அஸ்பாக்கின் கையைப் பிடித்தார். இப்போது திறக்கிறதுதான் என்றார். ஆனால் அன்றைக்கு உள்ளே மணல் இருந்ததோ என்ன இருந்ததோ, அதை அல்லாஹ் அறிவான் என்றார்.

"வித்தவன் நான். என்ட சாமான் உனக்கு உதவல்ல. இந்தப் பாரத்தோட நான் கஃபாவுக்கு முன்னால போய் நிக்க ஏலாது தம்பி. என்னைப் பொருந்திக்கோ."

அறுபது வயது மனிதர். பிழை ஒன்றும் செய்யாத மனிதர். அவர் குனிந்திருந்ததை றாஸிக் பார்த்தான். எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. பீடி தேடலாம், தண்ணீர் அள்ளலாம். கால் நகரவில்லை.

அஸ்பாக் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"அதை இன்னொருக்காத் திறங்க காக்கா."

டக்.

"மூடுங்க."

டக்.

"எனக்கு இந்தப் பழசே போதும். இதில ஒரு பிழையும் இல்ல." கண்ணைத் திறந்தான். றாஸிக்கைப் பார்க்கவில்லை. மூலையில் குவிந்து கிடந்த வலையைப் பார்த்தான். "இதிட சத்தம் எனக்குத் தெரியும். அண்டைக்கு என்ட காதுக்குக் கிட்டத்தான் கேட்டது. ரெண்டு தரம் கேட்டது. தாத்தாட குடும்பம் எண்டு நான் வாய் திறக்கல்ல. ஆனா நீங்க என்னத்துக்கு என்னட்டப் பொருத்தம் கேக்கிறீங்க காக்கா?"

முனாஸ் காக்கா றாஸிக் பக்கம் திரும்பினார். ஹாஜறா ஏற்கெனவே திரும்பியிருந்தாள்.

றாஸிக் முதன்முறையாக அந்த இடத்தைத் தாண்டி நினைத்துப் பார்த்தான். கயிற்றுக்கு நாலு விரல் தள்ளி அலகு. கயிற்றின் மறுமுனையில், தண்ணீருக்குள் பச்சையாக விரிந்து போய்க்கொண்டிருந்த வலை.

"கத்தி திறந்தது காக்கா," என்றான். "முதல் இழுவையிலேயே திறந்தது. வெட்டினா வலை போயிரும் எண்டு, நான்தான் திருப்பி மடக்கினன்."