கடலுக்குப் போன கதவுக் காசு

எழுபத்து நாலாயிரத்து நானூறு. என் தங்கச்சி புருஷன் எனக்குத் தர வேண்டிய பாக்கி.

அவர்கள் புது வீட்டுக்கு அஞ்சு உள்கதவு செய்து மாட்டினேன். மரம், கீல், தாழ்ப்பாள், கூலி எல்லாம் கூட்டி, முன்பணத்தைக் கழித்தால் அவ்வளவு வருகிறது. வெளியாளாக இருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன். மாப்பிள்ளையிடம் எப்படிக் கத்துவது? "கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை" என்று இழுத்து இழுத்துக் கேட்டே மூன்று மாதம் ஓடிவிட்டது.

வீட்டுக் கடனில் கடைசித் தவணை வந்ததும் முதல் காசு உங்களுக்குத்தான் மச்சான் என்றார். தவணையும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் ஆள் ஒருத்தரோடு விமானம் ஏறிவிட்டார்.

தங்கச்சிதான் போன் பண்ணினாள். "அண்ணே, அவர் வெளிநாட்டுக்குப் போயிருக்காரு."

"எதுக்கு? வேலையா?"

"கடல்ல ஒரு பலகையப் போட்டு அது மேல ஏறி நிக்கறதுக்கு."

"நின்னா?"

"நின்னா ஒண்ணும் இல்ல. நிக்கறதுதான்."

இங்கே மரக்கடைக்காரர் என்னை நிற்க விடவில்லை. அந்தக் கதவுகளுக்கு மரம் அவரிடம்தான் கடனுக்கு எடுத்திருந்தேன். ஆள் வைத்து என் இழைப்பு மெஷினைத் தூக்கிப்போய்க் கடை மூலையில் போட்டுவிட்டார். "காசைக் கொடு, எடுத்துட்டுப் போ. மாசம் முடிஞ்சா வித்துடுவேன்" என்றார். அந்த மெஷின் இருந்தால் நான் தச்சன். இல்லாவிட்டால் வெறும் தோள்பட்டை வலி. கையால் இழைத்து, ஒரு ஜன்னலுக்கு நாலு நாள் உட்கார்ந்தால் எவன் என்னிடம் வேலை கொடுப்பான்?

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. நான் எழுத்துப் படித்ததே நாற்பது தாண்டித்தான். தங்கச்சிதான் என் பட்டறையில் மரத்தூள்மேல் விரலால் எழுதிக் காட்டினாள். அதனால் வந்த வினை, அந்தச் செய்தியை நானே ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டியதாயிற்று. "மச்சான், இங்க கடல் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. எதையும் பிடிச்சு வெச்சுக்காதே." கூடவே ஒரு போட்டோ. நனைந்த பூனை மாதிரி இருந்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கடல் அவரிடம் பேசுகிறதாம். மரக்கடைக்காரரும்தான் என்னிடம் பேசுகிறார்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு நாள் விட்டு நான் போனேன். பையில் திருப்புளி, சுத்தி, துளை மெஷின் எல்லாம் இருந்தன. வேறு வீட்டு வேலை முடித்து நேராகப் போயிருந்தேன். மூக்குத் தோல் உரிந்து, கரிக்கட்டையாகக் கறுத்துப்போய்க் கதவைத் திறந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நல்ல நேரத்துல வந்தீங்க மச்சான். ஹால்ல ரெண்டு தாங்கி அடிச்சுக் குடுங்க. அலை மேல நான் நின்ன போர்டை அங்கயே வாங்கிட்டு வந்துட்டேன், அதை மாட்டணும்."

சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என் உயரத்துக்கு மேலே இருந்தது. தட்டிப் பார்த்தேன். மரமே இல்லை. உள்ளே நுரை, மேலே ஏதோ பூச்சு.

"மாப்பிள்ளை, அந்தப் பாக்கி..."

"வரும் மச்சான். வந்தா வாங்கிப்போம், போனா விட்டுடுவோம். அலை அப்படித்தானே? உடம்பை இறுக்கினீங்கன்னா விழுந்துடுவீங்க. நான் ஒன்பது நாள் விழுந்தேன். பத்தாம் நாள் உடம்பைத் தளர விட்டேன், நின்னுட்டேன். இவ்வளவு நாள் எதுக்குப் பயந்து செத்தோம்னு தோணிச்சு. நீங்களும் ஒரு தடவை வரணும்."

வாய்க்கு முன்னால் கைதான் வேலை செய்தது. பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் படுக்கையறைக் கதவுக்குப் போனேன். மேல் கீல், நடுக்கீல், கீழ்க்கீல். நான் முடுக்கிய திருகாணி, எனக்குத் தெரியாதா எப்படிக் கழலும் என்று.

தங்கச்சி சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆணிகளை அதில் போட்டேன்.

"என்ன மச்சான், கதவு இழுக்குதா?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல மாப்பிள்ளை. பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னீங்களே. விட்டுடுங்க."

கோபப்படுவார், ஒரு சண்டை வரும், நானும் மூன்று மாதத்தையும் கொட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனுஷன் சிரித்தார். "அட, சரிதான்!" என்று சொல்லிக் கதவின் மறுமுனையைத் தூக்கினார். நாலு கதவையும் என்னோடு சேர்ந்து மாடிப்படி இறக்கினார். இறக்கும்போதே, "காத்து எப்படி வருது பாருங்க மச்சான்" என்றார். பாவி மனுஷா! அந்த இடத்திலேயே கதவோடு சேர்த்து உருட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

அஞ்சாவது கதவுக்குத் திருப்புளியை வைத்தபோது தங்கச்சி குறுக்கே வந்தாள். "பாத்ரூமை விட்டுடுண்ணே. நான் கடலுக்குப் போயிட்டு வந்தவ இல்ல. எனக்கு இன்னும் வெட்கம் இருக்கு."

வண்டி பிடித்து மரக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு கதவைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னொருத்தன் அளவுக்குத் தச்ச சட்டையை எனக்கு மாட்டிவிடப் பாக்கறியா மேஸ்திரி? இந்த நிலைக்கு வெட்டின கதவு வேற எந்த நிலையில உக்காரும்? விறகு விலைதான் போகும்."

அது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு கதவின் அடியிலும், எந்த அறைக்கு என்று பென்சிலில் குறித்தவனே நான்தான். கோபத்தில் மறந்துவிட்டேன். வண்டி வாடகை வேறு தண்டம். நாலையும் பட்டறையில் அடுக்கிவிட்டுத் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்தேன். மாசம் முடிய ரெண்டே நாள் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பட்டறை வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் அந்தப் போர்டு. முன்னால் தங்கச்சி. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, சிரிப்பு இல்லாமல்.

"இறக்குண்ணே. இவர்கூடப் போனாரே அந்த ஆபீஸ்காரர், அவர் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இங்கயே வர்றாரு."

"கொஞ்சம் இரும்மா" என்றார் மாப்பிள்ளை. "மச்சான், வேற ஏதாவது வழி பண்ணலாம். அடுத்த மாசச் சம்பளத்துல..."

"ஏங்க, கதவைத் தூக்கும்போது சிரிச்சீங்களே. இப்ப என்ன?"

"கதவு வேற, இது வேற."

"ஆமா வேறதான். கதவு அண்ணனோட காசு. இதுவும் அண்ணனோட காசு. என்ன, இது மேல நீங்க நின்னீங்க."

அவர் போர்டுக்குப் பக்கத்தில், மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு செகண்ட் நின்னேன் மச்சான். சத்தியமா அவ்வளவுதான். இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு இருந்தது அந்த நாலு செகண்ட்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு எத்தனை செகண்ட் இருந்துச்சு மாப்பிள்ளை? நீங்க அங்க நின்ன நாலு செகண்டும் என் தோள் மேல நின்னீங்க. கடல் அதைச் சொல்லலையா உங்ககிட்ட?"

தங்கச்சி என்னைத் தனியாக இழுத்துப்போனாள். "அண்ணே, ஒண்ணு சொல்றேன். முன்னெல்லாம் ராத்திரி தூக்கத்துல கத்துவாரு. காலையில ஆபீஸ் கிளம்பும் முன்னாடி வாந்தி எடுப்பாரு. வந்ததுலேருந்து குழந்தை மாதிரி தூங்கறாரு. அவர் நிம்மதி நிஜம்தான். பில்லு மட்டும் உன் பேர்ல வந்துடுச்சு."

அதைக் கேட்டுக் கோபம் குறையும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு இரட்டிப்பானது. வேஷம் போடுகிற ஆளாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

ஆபீஸ்காரர் வந்தார், எண்ணிக் கொடுத்தார், போர்டை ஏற்றிப்போனார். மாப்பிள்ளை தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போய்த் திரும்பினார். அன்றைக்கே மெஷின் பட்டறைக்கு வந்துவிட்டது.

மீதி பதினாறாயிரத்து நானூறு. "அதுக்கு நானே வர்றேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ஞாயிற்றுக்கிழமை லீவுதான். கையாள் கூலி போட்டுக் கழிச்சுக்கங்க." ஒரு நாளைக்கு ஆயிரம் என்று பேசினோம். ரெண்டு வாரத்தில் ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. முதல் வாரமே உள்ளங்கையில் சிராய் ஏறிற்று. ஊசியால் எடுத்துவிட்டேன், அதற்கும் சிரித்தார். நான் வேண்டுமென்றே கனமான மரங்களாகத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். தூசியைக் கூட்டச் சொன்னேன். விசிலடித்துக்கொண்டே கூட்டினார். அந்த விசில்! ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. பட்டறைத் தகரக் கூரையில் முட்டி என் காதுக்கே வந்தது. மெஷின் சத்தத்தில் மறையட்டும் என்று வேலை இல்லாத நேரத்திலும் ஓட விட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மெஷினின் மறுபக்கம் நின்று மரத்தை வாங்குவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். எல்லாரும் பயந்து இழுப்பார்கள், மரத்தில் பள்ளம் விழும். இவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையைத் தளர்த்தி, வருவதை வருகிறபடி வாங்கினார். எங்கே கற்றார் என்று கேட்கவில்லை. கேட்டால் கடல் என்று ஆரம்பிப்பார்.

பதினைந்தாவது ஞாயிற்றுக்கிழமை கதவுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அதுவரை போர்வை தொங்கிய நிலைகளில் ஒவ்வொன்றாக மாட்டினேன். தங்கச்சி அதே கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ஒரு ஆணிகூடத் தொலையவில்லை. கடைசிக் கதவைச் சாத்திப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி சாத்திவிட்டு உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டாள்.

"இன்னும் ஆயிரத்து நானூறு இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "அடுத்த ஞாயிறும் அதுக்கடுத்த ஞாயிறும் வந்துடறேன். எனக்கும் பட்டறை பழகிடுச்சு." சொல்லிவிட்டு விசிலை ஆரம்பித்தார்.

"வேணாம்."

"கணக்குன்னா கணக்கு மச்சான்."

"வேணாம்னா வேணாம் மாப்பிள்ளை. அதை விட்டுட்டேன்."

விசில் நின்றது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தீங்களா மச்சான்? விட்டுட்டேன்னு நீங்களே..."

திருப்புளியைப் பையில் எறிந்துவிட்டுப் படி இறங்கினேன்.