உ என்று எழுதிய தொட்டிகள்

உவர்மண்ணில் சோயா முளைத்துவிடும். ஆனால் அதன் வேரில் குடியேறிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா அந்த உப்பில் பிழைக்காது, வேரில் முடிச்சு கட்டாது. இதை நிரூபித்தால் எனக்கு முனைவர் பட்டம். போன வருடச் செடிகள் மழையில் அழுகிப்போயின. இந்த முறையும் சொதப்பினால் பதிவை ரத்து செய்துவிடுவதாக என் பேராசிரியர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார், பாவி மனுஷன்.

கல்லூரியில் இடமில்லை. மந்தைவெளியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் தொட்டிகளை வைத்தேன். நல்ல மண்ணுக்கு ‘ந’ என்றும், அடையாற்று முகத்துவாரத்தில் அள்ளி வந்த உவர்மண்ணுக்கு ‘உ’ என்றும் பெயிண்டில் பெரிதாக எழுதினேன். காலையில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தரை ஈரமாக இருக்கும், டேங்க் வழிந்தது என்று விட்டுவிடுவேன். தொட்டியில் ஒரு செம்பருத்திப் பூ கிடக்கும், காற்றில் விழுந்தது என்று எடுத்துப் போடுவேன். மாடியில் செம்பருத்திச் செடியே இல்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நேற்று உவர்மண் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். கொத்துக் கொத்தாக முடிச்சு. ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. பாக்டீரியா மும்முரமாக வேலை பார்க்கிறது என்று அர்த்தம். மண்ணை மீட்டரில் சோதித்தேன், உப்பு பேருக்குத்தான் இருந்தது. யாரோ தண்ணீர் விட்டு அலசியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பொன்னுரங்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“மாமா, இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?”

“தெனம் ஒரு குடம். நீ காலேஜ் போனப்புறம்.”

“எல்லாத் தொட்டிக்குமா?”

“சேச்சே. பிள்ளையார் சுழி போட்டதுக்கு மட்டும்.”

குனிந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்கள் பரீட்சைத் தாளின் உச்சியில் போட்ட அதே உ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

“நாஸியா பொண்ணு நம்ம சுழி போட்டுத் தொடங்கிக்கீதேன்னு மனசு ஒரு மாதிரி ஆயிட்ச்சி கண்ணு,” என்றார் அவர். “உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினு ஊத்தினேன். முட்டி வலிதான், இன்னா பண்றது.” வேரை உற்றுப் பார்த்தார். “வேருலயே காய்ச்சிக்கீது. பலிச்சிட்ச்சா?”

பேராசிரியரின் முகம் கண்முன் வந்து நின்றது.

“பலிச்சிடுச்சு மாமா,” என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.