நம்பத்தகாத சாட்சி

மாமனாரின் திவசத்துக்காக யுன்சோ மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். கணவன் தோஹியோன் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறைக்குள் வந்து அடுப்பை அணைத்தான். அவன் கையில் அவளுடைய ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் சுருண்டு கிடந்தது.

"இதுல வர்ற அதிகாரி யாரு?"

"நான் யார் பேரையும் எழுதலையே."

"எழுதலதான். ஆனா நீ கருத்தரங்குல வாசிச்சது ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கு, படிச்சவங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாங்க."

அவன் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரக் குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அதிகாரி. பொய்யைப் பிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தக் கெட்டிக்காரத்தனம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலையில் ஒரு கேள்வி கேட்பான். ஆளைப் பட்டினி போட்டுக் களைக்க வைத்து, மாலையில் அதையே வேறு விதமாகக் கேட்பான். இரண்டு பதிலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி தெரிந்தால் போதும், ஆள் பொய்யன். இந்த வேட்டைக் கதைகளை வருடக்கணக்காக இரவுச் சாப்பாட்டின்போது சூப்பை உறிஞ்சிக்கொண்டே மனைவிக்குச் சொல்லி வந்தான். மனநலம் படித்த அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான விஷயம் கிடைத்ததே அந்தச் சாப்பாட்டு மேசையில்தான். அதை மட்டும் அவன் மறந்துவிட்டான்.

அத்தியாயத்தில் எழுதியிருந்தது லென்சே என்ற எத்தியோப்பியப் பெண்ணைப் பற்றி. தம்பியைத் தேடி வந்த சிப்பாய்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல நாள் அடைத்து வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து பிடித்தார்கள் என்று காலையில் சொன்னாள், மழைக்கு முன் என்று மாலையில் சொன்னாள். நடந்ததைச் சொல்லும்போது அழவில்லை, லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டு அவளுடைய அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் யுன்சோ அவளைச் சந்தித்தாள். விசாரித்தவர் கேள்விக்குக் கேள்வி பேனாவால் மேசையைத் தட்டினார், ஒவ்வொரு தட்டுக்கும் தன்னை அடைத்து வைத்த அறையின் கதவு திறக்கிற மாதிரி இருந்தது என்றாள் லென்சே. எந்தப் பேனா என்று யுன்சோவுக்குத் தெரிந்துபோயிற்று. வீட்டிலும் அது தட்டிக்கொண்டுதான் இருந்தது.

பயத்தில் உறைந்த மனசு நடந்ததை வரிசையாக அடுக்கி வைக்காது, காலமும் இடமும் கலைந்துதான் கிடக்கும், அதைப் பொய் என்று தீர்ப்பது நீதியல்ல. அவள் எழுதியது இவ்வளவுதான்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடு. இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரணும்" என்றான் தோஹியோன்.

அவள் மறுபடி அடுப்பை மூட்டினாள். புருஷன் சோற்றில் மண்ணைப் போடவா பெண்பிள்ளைக்கு இத்தனை படிப்பு என்று பக்கத்து அறையிலிருந்து மாமியார் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

சாமத்துக்கு முன்பே படையல் முடிந்தது. புகைப்படத்துக்கு முன் அரிசி மது ஊற்றி, விழுந்து வணங்கி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வழக்கம்போல மாமியார் அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நண்டுக்குப் போன படகு கவிழ்ந்து, மாமனாரைக் கரைக்குக் கொண்டுவந்த நாள். அவர் நெற்றியில் வெண்பனி விழுந்துகொண்டே இருந்ததாம், துடைக்கத் துடைக்க விழுந்ததாம். அவள் பெற்ற பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டார்கள். தோஹியோனின் கண் கலங்கியிருந்தது.

யுன்சோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இதை இங்கே, இன்றைக்குக் கேட்பது கொடுமை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"மாமா போனதும் இதே நண்டு சீசன்லதானே. இலைகூட இன்னும் உதிரல. இந்த மாசத்துல பனி எங்கேருந்து வந்துச்சு?"

தோஹியோன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "அம்மா அன்னிக்குத் தன் நினைவுலயே இல்ல. அதைப் போய்க் கேக்கறியே, உனக்கு மனுஷத்தன்மை இருக்கா?"

"அத்தை சொன்னது பொய்யா?"

"பொய்னு யார் சொன்னது? புருஷனை அந்தக் கோலத்துல பார்த்தவங்களுக்குப் பனியும் வெயிலும் ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது. அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்."

மாமியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பனி பெய்யலையா?" என்று கேட்டாள். பிறகு தனக்குத்தானே, "எனக்குக் குளிருச்சு. ரொம்பக் குளிருச்சு" என்றாள். மகன் பக்கம் திரும்பினாள். "நான் உன் ஆபீஸுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தா, நீ என்னடா எழுதியிருப்பே?"

தோஹியோன் கிண்ணத்தில் மிச்சமிருந்த மதுவைக் குடித்தான்.

ஆய்வேடு அந்த அத்தியாயத்தோடுதான் போயிற்று. தேர்வுக் குழுவிலிருந்த பேராசிரியர்கள் துணிச்சலான ஆய்வு என்று பாராட்டினார்கள். அதே மூச்சில், எந்த அலுவலகத்தையும் புண்படுத்தாதபடி முடிவுரையை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னார்கள். அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பட்டம் கிடைத்தது. தோஹியோனுக்கும் பதவி உயர்வு கிடைத்தது. மேல்முறையீட்டுக் குழுவுக்கு அலுவலகத்தின் கருத்தை எழுதி அனுப்புவது இப்போது அவன் வேலை.

அதிர்ச்சியில் நினைவு கலைந்தவள் என்ற மருத்துவச் சான்றிதழோடு மேல்முறையீடு செய்திருந்த லென்சேக்குக் குளிர்காலத்தில் முடிவு வந்தது. விடுதியில் அவள் அதை யுன்சோவிடம் நீட்டினாள். கொரிய மொழி அவளுக்குச் சரியாகப் படிக்க வராது, ஆனால் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் ஒரு பெயர் தெரிந்த பெயராக இருந்தது.

"அக்கா, இது உங்க பேருதானே?"

யுன்சோவின் பெயர்தான். கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நினைவைக் காலம், இடம் பற்றிய விவரங்களில் நம்ப முடியாது என்று முனைவர் யுன்சோ தம் ஆய்வில் நிறுவியிருக்கிறார், ஆகவே விண்ணப்பதாரரின் வாக்குமூலத்தை ஏற்க வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். சான்றிதழ் இல்லாதபோது லென்சே பொய்க்காரி. சான்றிதழ் கொண்டுவந்ததும் புத்தி பேதலித்தவள். எந்த வாசலில் வந்தாலும் அடைக்கத் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள்.

வீட்டில் தோஹியோன் காலுறையைக் கழற்றியபடி நிதானமாகச் சொன்னான்.

"அப்பவே எடுத்துடுன்னு சொன்னேன். எடுத்திருந்தா அந்தப் பொண்ணுக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?"

மறுநாள் யுன்சோ லென்சேயை அழைத்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள். முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் வக்கீலம்மா. அந்த ஆய்வுக்கு அர்த்தம் அதுவல்ல என்று கூண்டேறிச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். நானே வருகிறேன் என்றாள் யுன்சோ. வக்கீலம்மா அவள் பெயரை எழுதிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எதிர்த்தரப்புல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டா?"

"உண்டு. என் வீட்டுக்காரர்" என்றாள் யுன்சோ. "எழுதிக்குங்க."