எல்லா பாட்டிலிலும் செங்கல் நிறம்

ஜீப் சத்தம் கேட்டாலே ஆத்தாயிக்குப் பயம். எமர்ஜென்சி சமயத்தில் இதேபோல ஒரு ஜீப்தான் காலனிக்குள் வந்து, கம்பளி கொடுக்கிறோம் என்று அவள் புருசன் சென்னிமலையை ஏற்றிக்கொண்டு போனது. கம்பளியும் கொடுத்தார்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்து அனுப்பினார்கள். அப்போது அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. இரண்டு வருடம் ஆகியும் ஜீப் வந்தால் சென்னிமலை சோளக்காட்டுக்குள் ஓடிவிடுவான். அவனை யார் குறை சொல்ல முடியும்?

இப்போது வந்திருப்பது சர்க்கரை வியாதிக்காரர்களைத் தேடி. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஏதோ ஆராய்ச்சியாம். வியாதிக்காரர்கள் வீட்டிலேயே மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்து, அதற்கேற்பச் சோற்றைக் குறைத்து உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறார்களாம். ஊருக்குள் கவுண்டர் வீடுகளில் ஆள் கிடைத்துவிட்டது. காலனியில்தான் ஒருவரும் சிக்கவில்லை.

"உங்க சனமும் சேந்தாத்தானே உங்களுக்கும் வைத்தியம் வரும்" என்று நர்ஸ் பழனியம்மாள் வீடு வீடாகத் தொண்டை வறளப் பேசினாள். ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்து, காலையில் நிரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"எதையாச்சும் கண்டுபுடிச்சு மறுக்காவும் ஏத்தீட்டுப் போறதுக்குத்தான் இது" என்றாள் எதிர்வீட்டு ராசாத்தி.

பாட்டிலை நிரப்ப மாட்டோம் என்றால் அதற்கும் ஜீப் வரும். பயம் வந்துவிட்டால் புத்தி எங்கெல்லாம் போகிறது பாருங்கள்! நோய்நொடி இல்லாத ஒருத்தியின் மூத்திரத்தையே எல்லா பாட்டிலிலும் ஊற்றிவிடுவது என்று பெண்கள் கூடி முடிவு கட்டினார்கள்.

"நம்ம ஆத்தாயிதான் சரி. காச்சல்னு ஒரு நா படுத்திருப்பாளா? கொடங்கொடமாத் தண்ணி குடிக்கறா, அவளுக்கென்ன பஞ்சம்!"

ஆத்தாயிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குறையில்லாமல் நிரப்பிக் கொடுத்தாள்.

காலையில் பழனியம்மாள் புளியமரத்தடியில் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் சில சொட்டு மூத்திரம், பிறகு சூடு. நீலமாகவே நின்றால் ஒன்றுமில்லை, நிறம் மாறினால் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டே காய்ச்சினாள். முதல் குழாய் பச்சையாகி, மஞ்சளாகி, சூளையில் வெந்த செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஜீப்பில் உட்கார்ந்திருந்த டாக்டர் இறங்கி ஓடி வந்தார்.

"இத்தனை பேருக்குமா? இப்படியே விட்டா கண்ணு போகும், காலு போகும். எல்லாரையும் இன்னைக்கே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயாகணும்."

பெண்கள் ஆத்தாயியைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் தலை குனிந்துகொண்டார்கள். ஆத்தாயி வாயைத் திறந்தால் ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு போகும், திறக்காவிட்டால் காலனியையே ஏற்றிக்கொண்டு போகும். அதைவிட இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. இரவில் எத்தனை தரம் எழுந்து வெளியே போகிறாள், எவ்வளவு குடித்தும் தாகம் அடங்குவதில்லை, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. அந்தச் செங்கல் நிறம் முழுக்க அவளுடையது.

"நர்சம்மா, அத்தனையும் என்னுதுங்க."

"என்ன சொல்ற?"

"எல்லா பாட்டில்லயும் ஊத்துனது நாந்தானுங்க. இவீங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. என்னைய மட்டும் ஏத்திக்குங்க, சாமி."

டாக்டருக்கு வந்த கோபத்தைப் பழனியம்மாள்தான் அடக்கினாள். ஆத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரும் உன்னைய அறுக்க மாட்டாங்க. நானே திருப்பிக் கொண்டாந்து உடறேன்" என்றாள். ஆத்தாயி நம்பவில்லை. நம்பாமலேதான் ஏறினாள்.

பழனியம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு வாரம் கழித்து அதே ஜீப்பில் ஆத்தாயி திரும்பி வந்தாள். தாகம் குறைந்திருந்தது. மடியில் நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் இருந்தன, தானே காய்ச்சிப் பார்க்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு பை நிறையக் காலி பாட்டில்கள். இந்தத் தடவை அவரவர் மூத்திரம்தான் வேண்டும், நீ சொன்னால் கேட்பார்கள் என்று பழனியம்மாள் அனுப்பியிருந்தாள்.

ஜீப் நின்றதும் ராசாத்தி வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீடும் சாத்திக்கொண்டது. ஆத்தாயி பையோடு புருசனைத் தேடிச் சோளக்காட்டு வரப்புக்குப் போனாள்.

"ஏனுங், நாந்தான் வந்திருக்கறன். என்னைய ஒண்ணும் பண்ணலீங்க. வெளிய வாங்க."

உள்ளே சோளத்தட்டுகள் சலசலத்தன. சத்தம் அவள் பக்கம் வரவில்லை, இன்னும் உள்ளே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.