எழுபத்திரண்டு குச்சிக் கேக்கும் ஒரு பதிலும்

எங்கள் ஊரில் யாரும் பேரம் பேசமாட்டார்கள். சீட்டில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு, வெளியே போய்க் குளிரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார்கள். நானோ, முதுகில் மூட்டையோடு பண்ணை பண்ணையாக ஊசியும் நூலும் ரிப்பனும் விற்று நடந்த லெபனான்காரரின் பேத்தி. எங்கள் குடும்பத்தின் கூரி ஜவுளிக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். கொடுக்கல் வாங்கல் ஒரே சொல்லில் முடிந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார் கடவுள். அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை அது. விடியற்காலையிலிருந்து பனி. காற்றே இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து நிதானமாகத் தலையணையைப் பிரித்துக்கொண்டிருப்பதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீடு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. என் சமையலறையில் நானும் பக்கத்து வீட்டு ஆர்டிஸும் குச்சிக் கேக் செய்துகொண்டிருந்தோம். கேக் பாப் என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

மறுநாள் தேவாலயத்தில் பலகார மாற்று. வீட்டுக்கு ஒரு வகை, ஆறு டஜன். எல்லாவற்றையும் நீள மேஜையில் பரப்பி, கொண்டுவந்த எண்ணிக்கைக்கு மற்றவர்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம். பணம் புழங்காத சந்தை. அங்கேயும் யாரும் வாய் திறப்பதில்லை. யாருடைய தட்டு முதலில் காலியாகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி.

ஆர்டிஸ் லிண்ட்கிரன் பள்ளி நூலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாடகை வீடு. வீட்டுக்காரரின் மகன் குடிவரப் போகிறான் என்பதால் வருஷம் பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். அரிசோனாவில் இருக்கும் தங்கை, இங்கே வந்துவிடு, பனியே கிடையாது என்று கூப்பிட்டிருந்தாள். இருபத்தேழாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று. பனியே கிடையாது என்பதை ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல் ஆர்டிஸ் என்னிடம் சொன்னாள்.

முந்தின நாள் சுட்டு ஆறவைத்த கேக்கை உதிர்த்து, வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த க்ரீமைச் சேர்த்துப் பிசைந்து, இருவரும் உருட்டினோம். கோலியைவிடப் பெரிசு, பந்தைவிடச் சின்னது. உருட்டுகிற கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். நாற்பதாவது உருண்டையில் ஆர்டிஸின் வாய் திறந்தது.

எதிர்வீட்டு ஓர்லின் பாக்கேயைப் பற்றி. அறுபத்துநான்கு வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவர், பால் லாரி ஓட்டியவர். பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் தன் வாசலைத் தொடுவதற்கு முன் ஆர்டிஸின் வாசலில்தான் பனியை வழித்துவிடுவார். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று ஆர்டிஸ் அவருக்குப் பூசணி இனிப்பு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மனிதர் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: என் வீட்ல இடம் இருக்கு, ஆர்டிஸ். ரெண்டு பேருக்கு.

எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளை இதைவிடத் தெளிவாகக் கல்யாணம் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“நீ என்ன சொன்ன?”

“அய்யோ வேணாம், உங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

“வேற என்ன சொல்றது, சல்மா? முதல் தடவை கேட்டா வேணாம்னுதானே சொல்லணும்.”

நான் உருட்டுவதை நிறுத்திவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கொடுமை. இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போய்க் காப்பி வேணுமா என்று கேட்டாலும் முதல் பதில், வேணாம். இரண்டாவது, எனக்காகப் போடாதீங்க. மூன்றாவது தடவைதான், போட்டாச்சுன்னா அரைக் கோப்பை. முதல் தடவையே சரி என்றவரை எல்லோரும் கொஞ்சம் பசித்தவராகப் பார்ப்பார்கள்.

“அவர் என்ன பண்ணினார்?”

“சரின்னார். தொப்பிய மாட்டிக்கிட்டார். வந்து என் வாசல்ல பனிய வழிச்சார்.” அவள் ஒரு உருண்டையைத் தேவைக்கு மேல் உருட்டினாள். “நாலு வாரமா ரெண்டாவது தடவைக்கு உட்கார்ந்திருக்கேன். கேக்கவே இல்ல. நானா போய் எப்படி?”

என் அப்பா மட்டும் அங்கே இருந்திருந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடுக்கிறவர் தயார், வாங்குகிறவள் தயார், நடுவில் மரியாதை என்று ஒரு சுவர். எத்தனையோ பேரத்தில் நான் நடுவில் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் தோற்பதற்குப் போட்டிபோட்ட பேரம் இது ஒன்றுதான்.

அப்போது கதவு தட்டும் சத்தம். ஓர்லின். தோளில் பனி, கையில் ஒரு பைன் பலகை. குச்சிகளை நிறுத்தும் தெர்மோகோல் சாய்ந்து விழுகிறது என்று ஆர்டிஸ் எப்போதோ சொன்னாளாம். பலகையில் எழுபத்திரண்டு துளை போட்டுக் கொண்டுவந்திருந்தார். நூல் பிடித்ததுபோல் வரிசை, ஒவ்வொரு துளையின் விளிம்பும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாராம். காப்பி வேண்டாம் என்றார். எனக்காகப் போடாதீங்க என்றார். மூன்றாவது தடவை பூட்ஸைக் கழற்றினார்.

ஆர்டிஸின் காது சிவந்துவிட்டது. உருண்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் திண்ணையில் குளிரவைக்கப் போனாள். டிசம்பரில் எங்களுக்கு வீட்டுக்கு வெளியே உள்ளதெல்லாம் குளிர்பெட்டிதான். பத்து நிமிஷம் போதும். அவள் திரும்பி வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கும் அப்பால் வெள்ளை, வேறொன்றுமில்லை. உலகத்தின் ஓரத்தில் வந்து நின்று எட்டிப் பார்ப்பவள்போல் நின்றிருந்தாள்.

அடுப்பில், உருண்டைகளை முக்குவதற்கான வெள்ளை மிட்டாய்க் கூழ் உருகிக்கொண்டிருந்தது. ஓர்லின் கையில் கரண்டியைக் கொடுத்துக் கிண்டச் சொன்னேன். கை வேலையாக இருக்கும்போது பிடித்துவிட வேண்டும்.

தேங்க்ஸ்கிவிங் சங்கதி எனக்குத் தெரியும் என்றேன். அவர் கிண்டிக்கொண்டே இருந்தார். மறுபடி ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டேன். வேணாம்னுட்டாங்க. அதுக்கு மேல கேட்டா தொந்தரவு.”

“இப்ப காப்பிய எத்தன தடவ வேணாம்னீங்க?”

“காப்பி வேற.”

“என்ன வேற?”

கூழ் கரண்டியிலிருந்து நாடாபோல் வழிந்து மடிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காப்பி சின்ன விஷயம். அதுக்கே மூணு தடவ. இவ்ளோ பெரிய விஷயத்துக்கு எத்தன தடவன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.”

அதே மூணுதான் என்றேன், ஏதோ சட்டப் புத்தகத்தில் படித்தவள்போல.

ஆர்டிஸ் உள்ளே வந்தாள், கண் இமையில் பனியோடு. குச்சியின் நுனியைக் கூழில் தொட்டு உருண்டையில் செருகினோம். அப்படிச் செய்யாவிட்டால் உருண்டை கழன்று கிண்ணத்துக்குள் விழும். முதலில் பனிமனிதர்கள். ஒரு உருண்டையை முக்கி, தட்டி, பலகையில் நிறுத்தினேன். அழகாக வெள்ளை போர்த்திக்கொண்டது. எண்ணி ஐந்து நொடி, உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு விட்டது. அடுத்ததும் விட்டது. வெளியே அதிகநேரம் இருந்து கல்லாகிப் போயிருந்தன. சூடான கூழ் பட்டால் விரியாமல் என்ன செய்யும். கைவேகத்தில் முக்கிவிட்ட பதினோரு பனிமனிதர்களும் மண்டை பிளந்து வரிசையாக நின்றார்கள்.

“உன் ஞாபகம் எங்க இருந்தது?” என்றேன்.

“குளிர் நல்லா இருந்துச்சு” என்றாள் ஆர்டிஸ்.

மீதியை மேஜையில் வைத்துக் குளிர் விடக் காத்திருந்தோம். அது ஒரு விநோதமான நேரம். மூன்றரை மணிக்கே வெளிச்சம் நீலமாகிவிட்டது. ஜன்னலில் பனி, கிண்ணத்தில் வெள்ளை, எங்கள் விரல்களில் சர்க்கரைத் தூள். எது உள்ளே எது வெளியே என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாக மிதந்தது. அடுப்பு முணுமுணுத்தது. நேரம் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு கலைமான்கள். பழுப்புக் கூழில் முக்கி, ஈரம் காய்வதற்குள் உடைத்த பிரெட்ஸல் முறுக்கைக் கொம்பாகச் செருகி, சிவப்பு மிட்டாயை மூக்காக ஒட்ட வேண்டும். கண் வரைவது ஆர்டிஸ். அவள் வரைந்த கண்கள் எல்லாம் ஒரே திசையில், தெருவைத் தாண்டிப் பார்த்தன.

ஓர்லின் ஒரு கலைமானைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே கேட்டார்.

“ஆர்டிஸ், என் வீட்ல அந்த இடம் அப்படியேதான் இருக்கு.”

“அய்யோ, வேணாம், உங்களுக்கு எதுக்கு…” என்று சொல்லிவிட்டாள்.

அறுபத்தோரு வருஷப் பழக்கம், தும்மல்போல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. தூரிகை பாதிக் கண்ணில் நின்றது. அவர் மூன்றாவது தடவை கேட்காவிட்டால் அவள் விமானம் ஏற வேண்டியதுதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு பட்ட பாடு அது ஒன்றுதான். நடுவே புகுந்து முடித்துவைக்க நாக்கு துடித்தது. ஆனால் நான் ஒரு சொல் சொன்னாலும் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும்.

ஓர்லின் கலைமானுக்கு ஒரு கொம்பைச் செருகினார். சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், கூழ் இறுகும்வரை. இரண்டாவது கொம்பையும் செருகி அதையும் பிடித்துக்கொண்டார்.

“கிழக்குப் பக்க அறை” என்றார். “காலையில வெயில் நேரா வரும். வெள்ளை அடிச்சுட்டேன். நவம்பர்லயே.”

ஆர்டிஸ் தூரிகையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

“அடிச்சாச்சா?”

“ரெண்டு பூச்சு.”

“அப்ப அத வீணாக்கக் கூடாதே” என்றாள் மெதுவாக. அரைக் கண்ணோடு நின்ற கலைமானுக்கு மீதிக் கண்ணை வரைந்தாள். கோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டதில் அது கண்ணடிப்பதுபோல் அமைந்துவிட்டது.

யாரும் கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஓர்லின் தன் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன். கூழின் ஆவி மூக்குக்கு ஆகாது.

பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆர்டிஸ் லிண்ட்கிரனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும் என்று நினைத்திருந்ததும், அவள் அடுத்து வாய் திறந்ததோடு பொய்யாயிற்று.

“அந்த மான் தலைங்க?” என்றாள்.

ஓர்லின் நிமிர்ந்தார். அவர் வேட்டையாடிப் பாடம்செய்து மாட்டிய மூன்று தலைகள் கிழக்கு அறைச் சுவரில் இருந்தன. பூச்சு அடித்தபோது இறக்கி, மறுபடி மாட்டிவிட்டாராம்.

“அதுங்க பாத்துட்டிருக்க நான் தூங்கமாட்டேன்” என்றாள் ஆர்டிஸ்.

“நடுவுல இருக்கறது அப்பாவோட போய்ச் சுட்டது.”

“மூணும் வெளியே.”

“ரெண்டு.”

“மூணும். நடுவுல உள்ளது வேணும்னா முன்வாசல்ல, கோட்டு மாட்டற இடத்துக்கு மேல. என் தொப்பிய அதோட கொம்புல மாட்டுவேன்.”

ஓர்லின் தாடையைத் தடவினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் இதற்குத்தான் காத்திருந்தேன்.

“முகம் தெருவைப் பாத்து இருக்கணும்” என்றார் கடைசியில்.

“இருக்கட்டும்.”

அறையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், பத்தே நிமிஷம் என்று இருவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார்கள். சர்க்கரைக் கையோடு போகிறாயே என்றதற்கு ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் முக்காத உருண்டைகள் ஒரு தட்டு நிறைய மிச்சம். முக்கினேன், தட்டினேன், நிறுத்தினேன். தலை பிளந்த பதினொன்றுக்கும் பிளவின் மேல் சிவப்பு மிட்டாய்த் துண்டை ஒட்டிக் கம்பளித் தொப்பி போட்டுவிட்டேன். நாளை அவைதான் முதலில் காலியாகும், பாருங்கள்.

இருட்டத் தொடங்கியது. தெருவிளக்கு வந்த நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. விழுகிற பனிக்குள் ஒரு பெரிய மான் தலை, கிளைகிளையான கொம்போடு, தரையைத் தொடாமல் மெல்ல மிதந்து கார் கொட்டகையை நோக்கிப் போனது. பின்பக்கம் ஓர்லின். மூக்குப் பக்கம் ஆர்டிஸ், பின்னோக்கி நடந்தபடி, அவருக்கு ஏதோ வழி சொல்லிக்கொண்டே.